கோடு இறங்கினால்

கோடு இன்னும் நிலைக்கு வரவில்லை. திரையில் இடமிருந்து வலமாக ஊர்ந்து வருகிறது, பச்சையாக, மயிரிழை கனத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சரிவோடு. இந்தச் சரிவுக்கு அர்த்தம் கிடையாது. புது சிப்பைத் திரவத்தில் நனைத்ததும் கொஞ்ச நேரம் இப்படித்தான் வழுக்கிக்கொண்டே போகும், புது இடத்தில் படுத்தவர்கள் தூக்கம் பிடிக்காமல் புரள்வதுபோல, பிறகு தானாக அடங்கும், அடங்கிய பிறகுதான் ரத்தத்தை விட வேண்டும். முந்தினால் எது வெறும் சரிவு, எது ரத்தம் சொன்னது என்று பிரிக்க முடியாது. அதனால் உட்கார்ந்திருக்கிறேன். ஏசி கழுத்தில் படுகிறது. கையுறைக்குள் விரல்கள் வியர்த்திருக்கின்றன. எனக்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் நகக்கண் அளவு சிப், அதன்மேல் உப்பு குறைந்த நீர் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பெட்டியை மூடிவிட்டேன். திறந்தால் குழல் விளக்கு கூட உள்ளே புகுந்து கோட்டைக் குலுக்கிவிடும், கைப்பேசி சொல்லவே வேண்டாம், அதனால்தான் கைப்பேசியை வெளி அறை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம், விதி வைத்தவளே நான்தான். கோதண்டம் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார், இந்த சிப்புகளைச் செய்து கொடுப்பவர் அவர், என் வயதுதான் இருக்கும், மேடம் என்றுதான் கூப்பிடுவார். "மேடம், பதினேழாம் நம்பர், பதினெட்டாம் நம்பர் ரெண்டும் இருக்கு. பதினேழு இன்னைக்கு விடியக்காலை எடுத்ததாம். நசீமா டாக்டர் இதை முதல்ல பார்க்கச் சொன்னாங்க" என்றார். நசீமா டாக்டர் அங்கே குழந்தைகள் வார்டைப் பார்ப்பவர். ஏன் முதலில் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், சிவப்பைப் பிரித்துவிட்டு எடுத்த மஞ்சள் நீர், சீரம், கண்ணீர்த் துளி அளவு. பச்சைக் குழந்தையிடமிருந்து அதற்குமேல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இதுவரை இந்த வேலைக்கு அதற்குமேல் ரத்தம் கேட்ட கருவிகள்தான் இருந்தன. இதற்கு இது போதும். அதற்காகத்தான் இத்தனை வருஷம். செல்வினுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், என் கணவர், மின்வாரியத்தில் வேலை, இந்த சிப் ஒரு டிரான்சிஸ்டர் என்றால் அவருக்குப் புரியும், ஆனால் ரத்தத்தோடு அது எங்கே சேருகிறது என்றார். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் போகும்போது அதை மிதித்தால் முனையில் தண்ணீர் குறையுமே அத்தான், அதுதான் இது, சிப்பில் மின்சாரம் ஓடுகிறது, அதன் மேல்பரப்பில் நாங்கள் சின்னச் சின்னக் கொக்கிகள் வைத்திருக்கிறோம், கிருமி ரத்தத்தில் புகுந்தால் உடம்பு ஒரு புரதத்தைச் சுரக்கும், அந்தப் புரதம் மட்டும் அந்தக் கொக்கியில் மாட்டும், மாட்டியதும் அதன் மின்சுமை மின்சாரத்தை மிதிக்கும், ஓட்டம் குறையும், கோடு இறங்கும். மற்ற முறைகளில் அந்தப் புரதத்தின்மேல் ஒளிரும் வில்லை ஒன்றை ஒட்ட வேண்டும், அது ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பெரிய யந்திரம் வேண்டும். இதில் எதையும் ஒட்டுவதில்லை. அது அதுவாகவே வந்து நின்றால் போதும், தெரிந்துவிடும். செல்வின் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லது" என்று எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

கோடு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இன்னும் இல்லை. இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது. முந்தைய எண்கள் எல்லாம் நல்ல குழந்தைகள், எந்தக் கோளாறும் இல்லாமல் அம்மாவோடு வீட்டுக்குப் போன குழந்தைகள், அவற்றின் ரத்தத்தில் கோடு அசையவில்லை, அசையாதது சரிதான், ஆனால் செத்துப் போன சிப்பும் அசையாதுதானே, அசையாததை வைத்துக்கொண்டு இது வேலை செய்கிறது என்று யாரிடம் சொல்வது. கடையில் வாங்கின சுத்தமான புரதத்தைக் கலந்து பார்த்தபோது இறங்கியது. அது வேறு. குழந்தையின் உடம்பிலிருந்து வந்த ஒன்றைப் பார்த்து இது இறங்க வேண்டும், ஒருமுறையாவது, அப்போதுதான் நம்புவார்கள், அப்போதுதான் அடுத்த படி, அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், இது மேசைமேல் இருக்கும். இறங்கணும். பதினேழு இறங்கணும். நினைத்துவிட்டு அப்படியே நிற்கிறேன், உட்கார்ந்தபடி நிற்கிறேன், மனசுக்குள் ஏதோ சுளுக்கிக்கொண்டதுபோல. என்ன கேட்கிறேன் நான். கோடு இறங்கினால் அந்தக் குழந்தையின் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இறங்கணும் என்று கேட்டால் யாருடைய பிள்ளையோ சாகக் கிடக்கணும் என்று கேட்கிறேன். அப்படி இல்லை, நான் கேட்பதால் எதுவும் ஆவதில்லை, ரத்தம் எடுத்தாகிவிட்டது, உள்ளே இருப்பது இருக்கிறது, நான் ஆசைப்பட்டாலும் படாவிட்டாலும் அது மாறாது, நான் படித்தவள், எனக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்க முடியவில்லை. சரி, இறங்காதே என்று கேட்கிறேன், இறங்காதே, பிள்ளை நல்லா இருக்கட்டும். அப்படிக் கேட்டதும் இத்தனை வருஷமும் வீணா என்கிறது உள்ளே ஒன்று. இறங்கு. இறங்காதே. அது ஒரு எண். குழந்தை என்று நினைக்கக் கூடாது. பெயர் இல்லாமல் எண் மட்டும் அனுப்புவது அதற்காகத்தானே. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. எந்த ஊர் அம்மா, எந்தக் கட்டில், தெரியாது. அவளுக்கும் இப்படி ஒருத்தி இங்கே இரும்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரியாது.

அவளுக்கும் பெயர் இல்லை. என் மகளுக்கு. மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் பியூலாவின் பெண் குழந்தை என்று எழுதியிருந்தார்கள், பட்டை அவளுக்குப் பெரிசு, நர்ஸ் அதை இரண்டாக மடித்துப் பிளாஸ்திரி போட்டிருந்தாள். பெயர் வைக்கப் பொறுமையாக இருக்கலாம் என்று நினைத்திருந்தோம். எனக்கு ஒன்று பிடித்திருந்தது, செல்வினுக்கு வேறு ஒன்று, ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று விளையாட்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சின்ன ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் பக்கம் என்று போனது, பிரசவமும் சுலபமாகத்தான் ஆயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பால் குடிக்கவில்லை. வாயைக் கொண்டு வந்து வைப்பாள், மறந்துபோனதுபோல விட்டுவிடுவாள். பாதம் சில்லென்று இருந்தது. டியூட்டி டாக்டரிடம் சொன்னேன், தூங்குது, விடுங்க என்றார், சாயங்காலம் மறுபடி சொன்னேன், அப்போது அவருக்கும் முகம் மாறியது. ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். குதிகாலில் குத்தினார்கள், அழவில்லை, அவள் அழாததுதான் எனக்கு முதல் பயம், குத்தியும் அழாத குழந்தை. அங்கே அந்தப் புரதத்தைப் பார்க்கும் யந்திரம் இல்லை, வெளியே அனுப்ப வேண்டும், வெளியே இருப்பவர்கள் இவ்வளவு ரத்தம் போதாது என்றார்கள், இன்னொரு முறை குத்தினார்கள், அதற்குள் ராத்திரி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தார்கள், அதற்கு ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். ரெண்டு நாள் என்ற சொல்லை நான் அதுவரை எத்தனையோ தடவை சாதாரணமாகச் சொல்லியிருப்பேன், தையற்காரரிடம், தபாலுக்கு. மருந்து ஏதோ ஒன்று போட்டார்கள், எந்தக் கிருமி என்று தெரியாமல் போட்டது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, செல்வினின் கைப்பேசியில் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா. அந்தக் கிருமிக்கு முதற்பெயர் உண்டு, குலப்பெயர் உண்டு, எந்த மருந்துக்கு அடங்கும் எதற்கு அடங்காது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். செல்வின் அதை எனக்குக் காட்டிவிட்டு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் அவளைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் முதலில் ஆரம்பிக்கட்டும் என்று மற்றவர் இருந்தோம், இருந்து இருந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

நின்றுவிட்டது. கோடு இப்போது நேராக இருக்கிறது, இரண்டு கோடும், ஆமாம், கீழே இன்னொன்று, ஆரஞ்சு நிறத்தில், அது சாட்சிக்காக வைத்தது, அந்தப் பக்கத்தில் வேறு கொக்கி, இந்தப் புரதம் அதில் மாட்டாது. இரண்டும் சேர்ந்து அசைந்தால் அது வெறும் தொந்தரவு, கதவு, காலடி, யாரோ லிஃப்டை அழைத்தது. பச்சை மட்டும் அசைந்தால் நிஜம். நுண்குழாயில் சீரத்தை எடுத்தேன், பெட்டியின் பக்கத்துத் துளை வழியாக விட்டேன், கைக்குப் பழக்கம். இரண்டு கோடும் துள்ளின. துள்ளத்தான் செய்யும், ரத்தத்தில் உப்பு அதிகம், உப்பு இருக்கும்வரை எதுவும் தெரியாது, அது புரதத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டு அதன் மின்சுமையை மறைத்துவிடும். மாட்டுவது மாட்டட்டும் என்று விட்டுவைத்து, பிறகு முதலில் வைத்த அதே உப்பு குறைந்த நீரால் கழுவிவிட்டு, அப்புறம்தான் படிக்க வேண்டும். மறுபடியும் காத்திருப்பு. நான் இந்த வேலைக்கு வந்ததே இப்படித்தான் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சிப்புகள் செய்துகொண்டிருந்தேன், விடுப்பு முடிந்து திரும்பி வந்ததும் ஆராய்ச்சியை மாற்றிக்கொள்கிறேன் என்றேன், சரி என்றார்கள், பாவம் என்று சரி என்றார்களோ என்னவோ. ஏதாவது பூ வாசனை வருகிறதா. இல்லை, ஸ்பிரிட் வாசனை. அடக்கத்துக்கு மறுநாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது, காய்ச்சல், கல்லாக ஆகிவிட்டது, அம்மா ஊரிலிருந்து வந்து மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள், பால் வற்றும் என்றாள், வற்றவில்லை, பூவெல்லாம் நனைந்து வாடிப் பழுப்பாகிக் கீழே விழுந்தது, குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. உடம்புக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. இப்போது கூட மாதாகோவிலில் கல்யாணம் என்றால் நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன், பெண்கள் தலையிலிருந்து அந்த வாசனை வரும்போது நெஞ்சில் ஊசி குத்துவதுபோல இருக்கும், இத்தனை வருஷம் கழித்தும், இன்னும் சுரக்கப் போகிறதோ என்று. செல்வினுக்கு அது தெரியும். அவர் ஒன்றும் கேட்காமல் என்னோடு கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுவார். அவர் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். வந்துவிடுவார்.

போதும், மாட்டியிருக்கும். கழுவுகிறேன். நீர் போகிறது, போகிறது, உப்பு இறங்குகிறது, கோடுகள் இரண்டும் அலைந்து அலைந்து தங்கள் பழைய இடத்தைத் தேடுகின்றன, ஆரஞ்சு வந்துவிட்டது, எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து படுத்துவிட்டது. பச்சை வரவில்லை. வருகிறது, இல்லை, பாதியில் நின்றுவிட்டது, கீழே நிற்கிறது. மறுபடியும் கழுவினேன். ஒட்டிக்கொண்ட அழுக்காக இருந்தால் போய்விடும். போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாரும் வரவில்லை, லிஃப்ட் சத்தம் இல்லை. பச்சை கீழேயே நின்றது, மேலும் கீழும் ஆடாமல், அழுத்தமாக, ஒருவர் காலை ஊன்றி நிற்பதுபோல. இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் எப்படியெல்லாமோ நினைத்துப் பார்த்திருந்த நிமிஷம், கோதண்டத்தைக் கத்திக் கூப்பிடுவேன் என்று, அழுதுவிடுவேன் என்று. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். எண் இல்லை அது. குழந்தை. ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த நிமிஷம் பாதம் சில்லிட்டுக் கிடக்கிறது. இந்த முடிவை வைத்து வைத்தியம் செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இது இன்னும் சோதனையில் இருக்கிற பொருள், எனக்குத் தெரியும். வெளி அறைக்குப் போய் கையுறையைக் கழற்றினேன், ஒன்று கழன்றது, இன்னொன்று கழல மறுத்தது, அதோடேயே இழுப்பறையைத் திறந்து நசீமா டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், பியூலா பேசுறேன். நான் இதைச் சொல்லக் கூடாது, ஆனா சொல்லிடுறேன். பதினேழு ரொம்ப அதிகமா காட்டுது. சந்தேகமே இல்ல. உடனே பாருங்க" என்றேன். அந்தப் பக்கம் வார்டுச் சத்தம் கேட்டது, ஏதோ ஒரு யந்திரம் பீப் பீப் என்றது, யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். "பியூலா" என்றார் அவர். அப்புறம் கொஞ்சம் நடந்து போனது தெரிந்தது, சத்தம் குறைந்தது. "அந்தக் குழந்தை போயிடுச்சும்மா. இப்பதான், கொஞ்ச நேரம் முன்னாடி." நான் காலையில் கோடு நிலைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேனே, அப்போதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "நீங்க சீக்கிரம் பார்த்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. மருந்தெல்லாம் வந்தவுடனேயே போட்டுட்டோம். வெளியூர்லேர்ந்து கொண்டு வந்தாங்க. அங்கே யாருக்கும் தெரியல, சளின்னு நினைச்சு வச்சிருந்திருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா பார்த்திருக்கலாம்." ரெண்டு நாள். "அம்மா கூட இருக்காங்களா" என்று கேட்டேன். "இருக்காங்க. மடியிலதான் வச்சிருக்காங்க. குழந்தையைக் கொடுங்கன்னு கேட்கல நான் இன்னும்" என்றார். பிறகு, "கோடு இறங்கிச்சா நிஜமா?" என்று கேட்டார், அவரும் இதற்காகக் காத்திருந்தவர்தான், கேட்டதற்கு அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும், குரல் கீழே போயிருந்தது. "இறங்கிச்சு டாக்டர்" என்றேன். "சரி. நல்லதும்மா" என்றார். வைத்துவிட்டோம்.

கைப்பேசியில் செல்வினின் அழைப்பு தவறியிருந்தது, அவர் மதியம் சாப்பிட்டாயா என்று கேட்பார், வேறொன்றும் இருக்காது. கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது, வேறு யாரைக் கூப்பிடுவது. "சாப்பிட்டியா?" என்றார். "வேலை செய்யுது அத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, எது என்றார். "அந்த சிப். இன்னைக்கு ஒரு குழந்தை ரத்தத்தில வேலை செஞ்சுது. அந்தக் குழந்தை செத்துப் போச்சு." அவர் பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார் போல. வைத்துவிட்டாரோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "பியூலா" என்றார். "ம்." "இது அப்ப இருந்திருந்தா, நம்ம பிள்ளைக்கு, தெரிஞ்சிருக்குமா?" நம்ம பிள்ளை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு முற்றிவிட்டிருந்தது அத்தான், எதுவும் கண்டுபிடித்திருக்காது என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக டீயைக் குடித்துவிட்டு உள்ளே போவார், நான் மட்டும் வைத்துக்கொள்வேன், இத்தனை நாள் வைத்திருக்கிறேனே. வாய் வரவில்லை. "தெரிஞ்சிருக்கும்" என்றேன். "ஞாயித்துக்கிழமை காலையிலேயே தெரிஞ்சிருக்கும்." அவர் மூச்சு விட்டது கேட்டது. "பிழைச்சிருப்பாளா?" "அது தெரியாது அத்தான். அதை இது சொல்லாது." "சரி" என்றார். அப்புறம், "அவ விரலைப் பிடிச்சுக்கிட்டா, ஞாபகம் இருக்கா? சனிக்கிழமை. என் விரலை. விடவே இல்ல" என்றார். "இருக்கு" என்றேன். எனக்கு அது தெரியாது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதை அவர் இத்தனை காலம் தனியாக வைத்திருந்திருக்கிறார். "நான் அங்க வரட்டுமா?" என்றார். ஒருநாளும் இங்கே வந்ததில்லை அவர். "வாங்க" என்றேன்.

வந்தார். வெயிலில் வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோதண்டம் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்டு வரேன் மேடம் என்று போய்விட்டார். செல்வின் தன் கைப்பேசியை நான் சொன்ன இழுப்பறையில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், கழற்ற வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. புது சிப்பை வைத்து நனைத்துக் கோட்டை அடக்கி, பதினெட்டை விட்டேன். பக்கத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடந்தால் கோடு ஆடும் என்றேன், அதனால் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். கழுவினேன். இரண்டு கோடும் அலைந்தன. அவர் முன்னால் குனிந்து, "எது இறங்கக் கூடாது?" என்று கேட்டார். பச்சையைக் காட்டினேன். "இறங்கக் கூடாது" என்று தனக்குள் சொன்னார், ஜெபம்பண்ணுகிறதுபோல, உதடு மட்டும் அசைய. எது இறங்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அப்படி ஒரு கேள்வி இல்லை. காலையிலிருந்து என் நெஞ்சில் சுளுக்கிக்கொண்டிருந்தது எனக்கும் அப்போது விட்டது, நானும் அதையே கேட்டேன், அதை மட்டும். ஆரஞ்சு வந்து தன் இடத்தில் நின்றது. பச்சை கொஞ்சம் தயங்கி, மெல்ல மேலே வந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. "நல்லா இருக்கா?" என்றார். "நல்லா இருக்கு." "இந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட யாராவது சொல்வாங்களா?" "சொல்ல மாட்டாங்க அத்தான். இது இன்னும் சோதனைதான்." தலையை ஆட்டினார். அளவு முடிந்துவிட்டது, சிப்பை எடுத்துவிடலாம், அவரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். "கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார். ஓடட்டும் என்று விட்டேன்.